கூடி விளையாட ஓர் இடம்: வாசகர் கேள்வி – பதில்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது தங்களைப் போன்ற பிள்ளைகளோடு கூட ஓர் இடம் வேண்டும், அதற்கு ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்று பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. சிறப்புக் கல்வியிலும் தொண்டு நிறுவன நிர்வாகத்திலும் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. பள்ளி முடிந்தால் ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி), ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) என்று நாள் ஓடிவிடுகிறது. பிறந்தநாளுக்குக் கூப்பிட ஒரு பிள்ளை இல்லை. தெரபி சென்டர் வாசலில் காத்திருக்கும்போது பழகிய நாலு அம்மாக்கள் சேர்ந்து டிரஸ்ட் ஆரம்பிக்க நினைக்கிறோம். முதல் வேலை எது?
— ஒரு தாய், திருச்சி

டிரஸ்ட் பத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் நீங்கள் நால்வரும் எட்டு வாரம் கூடிப் பாருங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். இந்த மூன்றில் எது மாறினாலும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாரமும் முதல் வாரமாகவே இருக்கும். பெற்றோர் கூடவே இருந்து சந்திக்கிறவரை அது சில குடும்பங்களின் சந்திப்புதான். பதிவு எதுவும் தேவைப்படாது. பணம் திரட்டுவது, வெளியாட்களை வேலைக்கு வைப்பது, பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது, இதில் ஏதாவது தொடங்கும்போது பதிவு அவசியமாகிறது.

நாலு முதல் ஆறு பிள்ளைகள் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வந்ததும் செருப்பைக் கழற்றி, தன் படம் ஒட்டிய அட்டையைப் பலகையில் மாட்டுவதற்குப் பத்து நிமிடம். அரை மணி நேரம் அவரவர் விருப்ப விளையாட்டு. பத்து நிமிடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டம். கடைசிப் பத்து நிமிடம் பொருள்களைக் கூடையில் போட்டு, ஒவ்வொரு வாரமும் அதே பாட்டோடு முடித்தல். இந்த நான்கையும் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

முதல் சந்திப்புக்கு முன் ஒவ்வொரு தாயும் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும்: பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது, என்ன சாப்பிடுவான், எது ஒத்துக்கொள்ளாது, வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வான், டாய்லெட்டுக்கு எப்படிக் கேட்பான், ஓடிப்போகும் பழக்கம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா. இந்தத் தாள்தான் உங்கள் அமைப்பின் முதல் ஆவணம்.

ஒன்றை ஆரம்பத்திலேயே நால்வரும் பேசி முடிவெடுங்கள். இது இன்னொரு தெரபி வகுப்பு ஆகக் கூடாது. இந்த வாரம் கண்ணைப் பார்த்தானா, எத்தனை வார்த்தை பேசினான் என்று கணக்கெடுக்கத் தொடங்கினால், வாரம் முழுக்கப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரு மணி நேரமும் பரீட்சையாகிவிடும். பல ஊர்களில் நல்லெண்ணத்தோடு தொடங்கிய கூட்டங்கள் இப்படித்தான் திசை மாறுகின்றன.

டிரஸ்டா, சொசைட்டியா? பதிவுக்கு யாரிடம் போக வேண்டும்? வரிவிலக்கு எப்போது கிடைக்கும்?
— ஒரு வாசகர், மதுரை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கம் (சொசைட்டி) அமைக்க ஏழு உறுப்பினர்களாவது வேண்டும். பொதுக்குழு, தேர்தல், ஆண்டறிக்கை என்று வேலை கூடும். அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும். நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு அமைப்புக்கு அறக்கட்டளையே வசதி. ஆனால் பத்திரத்தை எழுத்தரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கைவசம் வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வராதீர்கள். அதில் முதியோர் இல்லம் முதல் மரம் நடுவது வரை எல்லாமே நோக்கமாக இருக்கும். பிள்ளைகள் கூடும் இடம் என்ற ஒன்று மட்டும் இருக்காது.

பத்திரத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் விளையாட்டு, பழக்கம், பொழுதுபோக்குக்கான இடம் நடத்துவது என்ற நோக்கம், சாதி, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்தது என்ற வாசகம், இது திரும்பப் பெற முடியாத அறக்கட்டளை என்பது, அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போகும் என்பது, அறங்காவலர் விலகினால், இறந்தால் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறை. அறங்காவலர்கள் ஐந்து பேர் இருந்தால் நல்லது. ஒற்றைப்படையாக இருந்தால் வாக்கெடுப்பு இழுபறியாகாது. கணவன், மனைவி, மச்சான் என்று ஒரே குடும்பமாக நிரப்பாதீர்கள். ஐவரில் ஒருவருக்குக் கணக்கும் ஒருவருக்குச் சிறப்புக் கல்வியும் தெரிந்திருக்கட்டும். பான் அட்டையை அறக்கட்டளையின் பெயரில் வாங்கி, அறங்காவலர்களில் மூவரைக் குறித்து, அவர்களில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.

அறங்காவலர் வீட்டிலேயே இடம் என்றால் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். சந்தை வாடகையை மிஞ்சினால், அறக்கட்டளைப் பணத்தை நடத்துபவரே எடுத்துக்கொண்டதாக வருமான வரித் துறை கொள்ளும். வரிச் சலுகையே பறிபோகக் கூடும்.

அடுத்துச் சொல்வது பலர் தவறவிடுவது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. அந்தச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது. அறக்கட்டளைப் பத்திரம் வேறு, இந்தச் சான்று வேறு. மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்த்து விண்ணப்ப முறையைக் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். கட்டடம், கழிவறை, தீயணைப்பு ஏற்பாடு ஆகியவற்றைக் கேட்பார்கள் என்பதால், இடத்தை முடிவு செய்து முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரைப் பார்ப்பது நல்லது.

வரி விஷயத்தில், எல்லோரும் 12ஏ, 80ஜி என்று சொல்லும் இரண்டு பதிவுகள் உண்டு. முதலாவது அறக்கட்டளையின் வருமானத்துக்கு, இரண்டாவது நன்கொடை தருபவரின் வரிக் கழிவுக்கு. புது அமைப்புக்கு முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும்; அது மூன்று ஆண்டுக்கு. அந்தக் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, பணி தொடங்கிவிட்டால் தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளேயே, வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைக் கோட்டைவிட்டு மாட்டிக்கொள்ளும் சிறு அமைப்புகள் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், ரசீதில் எந்த எண்ணை அச்சிடுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிக் கழிவு கிடைக்காது. இதை நன்கொடை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டின் கீழ்த்தளம், சுமார் 600 சதுர அடி, சும்மா கிடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். என்னென்ன மாற்ற வேண்டும்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

ஐயா, எட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இடம் தாராளம். கீழ்த்தளமாக இருப்பது இன்னும் நல்லது. பொம்மை வாங்கும் முன் வாசலைப் பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சட்டென்று வெளியே ஓடிவிடுவார்கள். அதிலும் தண்ணீரைத் தேடிப் போவார்கள். ஆகவே கேட், உள்கதவு என்று இரண்டு தடுப்பு வேண்டும். உள்கதவின் தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். பூட்டுப் போட வேண்டாம்; தீ பிடித்தால் சாவி தேட நேரமிருக்காது. வீட்டிலும் பக்கத்து மனையிலும் கிணறு, சம்ப், திறந்த தொட்டி இருந்தால் இரும்பு மூடியும் பூட்டும் போட்ட பிறகுதான் முதல் பிள்ளை உள்ளே வர வேண்டும். மொட்டை மாடிப் படிக்கும் ஒரு கதவு வையுங்கள்.

அடுத்தது சத்தம். காலியான கூடம் எதிரொலிக்கும். எட்டுப் பிள்ளைகள் எழுப்பும் ஒலி பதினாறு பேருடையதாகத் திரும்பி வரும். தரையில் பாய், ஜமுக்காளம், சன்னலுக்குக் கனமான பருத்தித் திரை, ஒரு சுவரில் பழைய மெத்தை விரிப்பு, இவற்றாலேயே பெரிய மாற்றம் தெரியும். கரகரக்கும் மின்விசிறியின் பேரிங்கை மாற்றுங்கள். மினுக்கும் ட்யூப் லைட்டை எடுத்துவிட்டு, மினுக்காத மஞ்சள் நிற எல்.இ.டி. போடுங்கள். நமக்குத் தெரியாத மினுக்கலும் சில பிள்ளைகளின் கண்ணை உறுத்தும். மாடியில் மிக்சி ஓடுவதும் குக்கர் விசில் அடிப்பதும் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ஊதுவத்தி, ஃபினாயில், ரூம் ஸ்ப்ரே வாடையும் சிலருக்கு ஆகாது. முந்தைய நாளே கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்தால் போதும்.

ஒரு மூலையைப் புடவைத் துணியால் கூடாரம்போல் மறைத்து, உள்ளே தலையணை இரண்டும் காதை மூடும் ஹெட்போன் ஒன்றும் வையுங்கள். அது ஒதுங்குமிடம். தண்டனையாக அங்கே யாரையும் அனுப்பக் கூடாது. அங்கே போன பிள்ளையை வெளியே வா என்று கூப்பிடவும் கூடாது. அந்த மூலை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பல பிள்ளைகள் கூடத்தின் நடுவுக்கு வருவார்கள்.

கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் அது பெரிய வரம். ஆனால் விபத்தும் அதிகம் அங்கேதான் நடக்கும். துருப்பிடித்த கொக்கியைக் கொத்தனாரிடம் காட்டி மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஆறடி வெற்றிடம், அடியில் தடித்த மெத்தை, பக்கத்தில் ஒரு பெரியவர், இந்த மூன்றும் இல்லாத நேரத்தில் பலகையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆடும் பலகையின் குறுக்கே ஓடும் பிள்ளை அதைக் கவனிக்காது.

பொருள்களில் ஒரே சாமானை மூன்று வாங்குவது, மூன்று விதமாக வாங்குவதைவிட மேல். மர ரயில் ஒன்றுதான் என்றால் சண்டை நிச்சயம். காத்திருக்கப் பழகுவதற்கு வேறு நல்ல வழிகள் உண்டு. கட்டைகள், ரயில் தண்டவாளம், 65 செ.மீ. ஜிம் பந்து ஒன்று, சாக்பீஸ், நாலு விரல் உயரத்துக்குமேல் தண்ணீர் ஊற்றாத அகலத் தட்டு ஆகியவற்றோடு தொடங்கலாம். சாப்பிடக் கூடாததை வாயில் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனவே புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு போன்றவை யார் யாருக்கு ஆகும் என்று பார்த்துத்தான் வெளியே வர வேண்டும். பட்டன் பேட்டரி, காந்த உருண்டை இரண்டும் வாசல்படி தாண்டக் கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்தில் குடலையும் உணவுக்குழாயையும் ஓட்டையாக்கிவிடக் கூடும்.

தன்னார்வலர்கள் எத்தனை பேர் வேண்டும்? கல்லூரி மாணவர்கள் நாற்பது பேர் வரத் தயாராக இருக்கிறார்கள்.
— ஒரு வாசகி, கோவை

நாற்பது பேரையும் உள்ளே விடாதீர்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு பேர்: இரண்டு பிள்ளைக்கு ஒருவராக நாலு பேர், வாசலுக்கு மட்டும் ஒருவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர். வாசலில் நிற்பவருக்கு வேறெந்த வேலையும் தரக் கூடாது. ஆறு மாதம் அதே கிழமை வருவேன் என்பவரை மட்டும் எடுங்கள். ஒரு முகம் பழக ஒரு பிள்ளைக்கு ஆறு வாரம் ஆகலாம். பழகிய முகம் ஏழாவது வாரம் காணாமல் போவது அந்தப் பிள்ளைக்குப் பெரிய இழப்பு. மீதி மாணவர்கள் படம் வரைந்து அட்டை செய்யலாம், நன்கொடை திரட்டலாம், வாகனம் ஏற்பாடு செய்யலாம்.

சேரும் ஒவ்வொருவருக்கும் காவல் துறைச் சரிபார்ப்பு வாங்குங்கள். தெரிந்தவர் என்பதற்காக விலக்கு தர வேண்டாம். எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. கழிவறைக்கு அழைத்துப் போவது பெற்றோர் அல்லது பெற்றோர் ஒப்புக்கொண்ட ஒருவர் மட்டும். இவர்களில் பலர் நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் என்பதால் இதில் தளர்வே கூடாது. போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரியவந்தால் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். அறங்காவலர்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு அரைநாள் ஒதுக்குங்கள். முதலில் சொல்லித்தர வேண்டியது காத்திருப்பது. சின்ன வாக்கியமாக ஒன்றைச் சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குள் மறுபடி மறுபடி கேட்டால், யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பேர் என்ன, எந்த ஸ்கூல் என்ற கேள்விகளை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அதே விளையாட்டைத் தானும் விளையாடட்டும்.

ஒரு பிள்ளை தாங்க முடியாமல் உடைந்து அலறும்போது ஒருவர் மட்டும் அருகே இருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளை அப்பால் அழைத்துப் போய், விளக்கைக் குறைத்து, பேச்சை நிறுத்துங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள், தலையை மோதிக்கொண்டால் இடையில் தலையணை வையுங்கள். இது அடம் அல்ல. அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். இது உடம்பு அடங்கும்போதுதான் அடங்கும்; இருபது நிமிடம்கூட ஆகலாம். முடிந்ததும் தண்ணீர் கொடுங்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம்.

மூன்று மாதமாக நடத்துகிறோம். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் விளையாடுவதே இல்லை. ஆளுக்கொரு மூலை. தோற்றுவிட்டோமா?
— ஒரு பெற்றோர் குழு, வேலூர்

இல்லை. முதல் வாரம் மூலைகள் எவ்வளவு தள்ளி இருந்தன, இப்போது எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் தனித்தனி ரயில் ஓட்டுவதும் கூடி இருப்பதுதான். ஒருவன் போன பிறகு மற்றவன் அவன் வைத்த பெட்டியைத் தொட்டுப் பார்ப்பான். அடுத்த வாரம் அவன் வரும்வரை வாசலைப் பார்ப்பான். இவையெல்லாம் நட்பின் அடையாளங்கள். பேச்சு பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். ஒருவர் சொல்வதை அடுத்தவர் கேட்டு, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்லும் சங்கிலி விளையாட்டைக் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் பெரியவர்களிடம் நடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் செய்தி, ஆட்டிசம் இல்லாதவர்களின் சங்கிலியில் போனதைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருவகையினரும் கலந்த சங்கிலியில்தான் அதிகமாகச் சிதைந்தது. குறை ஒருபக்கத்தில் மட்டும் இல்லை, இருவரிடையே உள்ள இடைவெளியில் இருக்கிறது என்று டேமியன் மில்டன் 2012-இல் எழுதியதோடு இது ஒத்துப்போகிறது. அவரும் ஆட்டிசம் உள்ளவர். உங்கள் பிள்ளைகளுக்கு ஒருவர் மொழி ஒருவருக்குப் புரிய வாய்ப்பு அதிகம். நாம் குறுக்கே நின்று மொழிபெயர்க்கத் தேவையில்லை.

இடைவெளியைச் சுருக்க வழிகளும் உண்டு. வயதைப் பார்த்துக் குழு பிரிக்காமல் விருப்பத்தைப் பார்த்துப் பிரியுங்கள். பஸ் நம்பர் மனப்பாடமாகச் சொல்லும் இரண்டு பேர் ஒரே நேரத்துக்கு வரட்டும். ஒரு பழைய பஸ் ரூட் வரைபடம் அவர்களுக்கு நடுவில் இருக்கட்டும். லெகோ கட்டைகளை வைத்து டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் வகுத்த முறையில் மூன்று வேலைகள்: ஒருவர் படத்தைப் பார்த்து என்ன கட்டை என்று சொல்வார், ஒருவர் தேடி எடுப்பார், ஒருவர் பொருத்துவார். மூவரும் இல்லாமல் வீடு எழும்பாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பேசாத பிள்ளை கட்டையின் படத்தைக் காட்டினால் போதும்.

நம் பல்லாங்குழியும் இதற்கு நன்றாகப் பொருந்தும். இரண்டே பேர், எதிரெதிரே உட்கார்ந்தாலும் பார்வை பலகையில்தான். முகத்தைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. யார் முறை என்பது கை ஓய்வதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு குழியாக எண்ணிப் போடும் ஓசையும் சீரும் பல பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். முதலில் குழிக்கு மூன்று முத்து வைத்துத் தொடங்குங்கள். தோற்றவர் குழி இழக்கும் விதியைப் பல மாதம் தள்ளிப்போடுங்கள். தாயத்தில் அடுத்தவர் காயை வெட்டுவது சிலருக்குத் தாங்காது. அதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தில் உள்ள, ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளையும் சேர்க்கலாம். எட்டுக்கு இரண்டு பேர், அதே இரண்டு பேர், தானாக விரும்பி வருகிறவர்கள். உதவ வந்தவர் என்று அவர்களைச் சொல்லாதீர்கள். விளையாட வந்தவர்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மாதாமாதம் பணம் அனுப்பத் தயார். நேரே டிரஸ்ட் கணக்கில் போடலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

தம்பியின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்புகளும் முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற முடியும். பொதுவாக, பதிவு கேட்கும் அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும். அதுவரை உள்ளூர்ப் பணத்தில் நடத்துங்கள்.

நன்கொடையாளர்கள் பிறந்தநாள் கேக் வெட்டிப் படம் எடுக்கக் கேட்கிறார்கள். மறுக்கத் தயக்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், சென்னை

மறுத்துவிடுங்கள். பலூன் வெடிக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், முன்பின் தெரியாதவர் கன்னத்தைத் தொடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை வாசல்படி ஏற மாட்டேன் என்று நின்றுவிடக் கூடும். பால், கோதுமை தவிர்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் பொதுத் தின்பண்டமே வேண்டாம். நன்கொடையாளருக்கு வேறு வழி காட்டுங்கள்: அந்த மாத வாடகை அவர் பெயரில், ஆண்டுக்கு நாலு முறை செலவுக் கணக்கு அவர் கையில். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் எந்தப் பிள்ளையின் முகமும் எங்கும் வெளியாகக் கூடாது.

எங்கள் குழுவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பதறிப்போய்ச் சாவியைக் கையில் கொடுத்தோம். சரியா?
— ஒரு தாய், ஈரோடு

சாவியாலும் இரும்பாலும் பயனில்லை. கை இறுகும்போது காயம்தான் ஆகும். வலிப்பு தொடங்கியதும் மணியைப் பாருங்கள். சுற்றியுள்ள பொருளை விலக்கி, தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஸ்பூன், துணி, தண்ணீர் எதையும் வாயில் வைக்காதீர்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தாலோ, அதுவே வாழ்வில் முதல் வலிப்பு என்றாலோ 108-ஐ அழையுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. தன்னார்வலர் பயிற்சியில் இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். உங்கள் குழுவில் எத்தனை குடும்பம் இதில் சேர்ந்திருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். சேராதவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதும் உங்கள் அறக்கட்டளையின் வேலையாக இருக்கலாம்.

மகளுக்குப் பதினைந்து வயது. சின்னப் பிள்ளைகள் குழுவில் உட்கார வைத்திருக்கிறோம். இது போதுமா?
— ஒரு தாய், சேலம்

போதாது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பொம்மை வேண்டாம்; சமையல், பாட்டு கேட்பது, கேரம், துணி தேய்ப்பது, மூன்று பேராக டீக்கடைக்குப் போய் அவரவர் காசைக் கொடுத்துத் திரும்புவது போன்றவை வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் தன்னார்வலர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். கழிவறையில் நாப்கினும் மாற்றுடையும் பெயரெழுதிய பையில் இருக்கட்டும். பதினெட்டு நிறைந்ததும் பெற்றோர் தானாகச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. மகளுக்குக் காப்பாளர் தேவை என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டு இருக்கிறது. அடையாள அட்டை, மருத்துவச் சான்று ஆகியவற்றை இப்போதே புதுப்பித்து வையுங்கள்.